அகுஸ்தீனாரின் வழித்துணைகள்

கிறிஸ்தவ உலகின் பேரறிஞருள் ஒருவராகப் போற்றப்படும் புனித அகுஸ்தீனார் மனந்திரும்பிய வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் இருவரையே குறிப்பிடுவர். ஒருவர், மகனுக்காக ஓயாது கண்ணீர் சிந்திய தாய் மோனிக்கம்மாள். மற்றவர், மிலான் நகரத்து மேற்றிராணியார் அம்புரோசியார். தாயின் கண்ணீரும் மேற்றிராணியாரின் நாவன்மையும் சேர்ந்து அவரைக் கரைசேர்த்தன என்பது வழங்கிவரும் கதை. அது பொய்யன்று. ஆயினும் அகுஸ்தீனார் தம் வாழ்வை இறைவன் முன்னிலையில் எடுத்துரைக்கும் முறையில் எழுதிய 'அறிக்கைகள்' என்னும் நூலை நிதானமாகப் படிப்போர்க்கு, அவ்விருவருக்கும் இடையே வேறு சிலர் நடமாடுவது தெரியவரும். அவர்கள் ஒரு பக்கத்தில் தோன்றி அடுத்த பக்கத்தில் மறைந்துவிடுவர். சிலருக்குப் பெயரும் இல்லை. நேயர்களுக்கு இன்று அறிமுகம் செய்யத்தக்கவர்கள் அவர்களே.

அகுஸ்தீனார் 354ஆம் ஆண்டு வட ஆபிரிக்காவிலே, இன்றைய அல்ஜீரியா நாட்டில் அடங்கிய தகாஸ்தே என்னும் சிற்றூரிற் பிறந்தவர். இளமையில் மானி என்பவர் நிறுவிய மதத்தைத் தழுவி, ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அதில் இருந்தார். தாம் இருந்ததோடு அமையாது நண்பர்களையும் அதிற் சேர்த்தார். அவ்வாறு அவரால் இழுக்கப்பட்ட இளைஞன் ஒருவன் கடுஞ்சுரத்தால் நினைவிழந்து கிடந்தபோது, வீட்டார் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுப்பித்தனர். நினைவு திரும்பியதும், தன்னைப்போலவே அவனும் இதைக் கேட்டு நகைப்பான் என்று எண்ணிய அகுஸ்தீனார், அந்தச் சடங்கை எள்ளிப் பேசினார். இளைஞனோ பகைவனைக் கண்டாற்போல் அவரை நோக்கி, நட்பு நிலைக்கவேண்டுமானால் இத்தகைய பேச்சை விட்டுவிடும்படி கூறினான். சில நாட்களில் மீண்டும் சுரம் கண்டு இறந்துபோனான். நண்பனுடைய பிரிவால் ஊரே வெறுத்துப்போய்க் கார்த்தேஜ் நகருக்குச் சென்றுவிட்ட அகுஸ்தீனார், அவன் பெயரை எழுதவில்லை; ஆனால் அந்தக் கண்டனத்தை மறக்கவுமில்லை.

பெயர் கூறப்படாத மற்றொருவர் ஆபிரிக்க மேற்றிராணியார் ஒருவர். தம் மகனோடு வாதாடி அவன் தவறுகளை எடுத்துக்காட்டுமாறு மோனிக்கம்மாள் அவரை வேண்டினார். அவர் மறுத்துவிட்டார். சிறுவயதில் அவரும் அம்மதத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டவரே. அவர்களுடைய நூல்கள் பெரும்பாலானவற்றைப் படித்தது மாத்திரமன்றிப் பிரதி செய்தும் இருந்தவர். எவருடைய வாதமுமின்றித் தாமாகவே அதன் பிழையை உணர்ந்து வெளியேறியவர். புதுமை மயக்கத்தில் செருக்குற்றிருப்பவனிடம் இப்போது பேசிப் பயனில்லை, அவனுக்காகச் செபம் செய்தாற் போதும் என்றார். தாய் விடவில்லை. அழுது மன்றாடினார். மேற்றிராணியார் சற்றுச் சலிப்புடனேயே, இத்துணைக் கண்ணீருக்குரிய பிள்ளை அழிந்துபோவது நடவாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். சலிப்பிற் சொன்ன அச்சொல்லை அந்தத் தாய் வானிலிருந்து வந்த வாக்காகவே ஏற்றுக்கொண்டார். பேசவேண்டிய நேரமும் பேசாதிருக்கவேண்டிய நேரமும் அறிந்தவர் அவர் என்பதில் ஐயமில்லை.

மோனிக்கம்மாள் செய்தவை யாவும் குற்றமற்றவை என்று கொள்ளவேண்டியதில்லை. மகனுக்குத் தக்க இடத்தில் மணம் பேசவேண்டும் என்ற முயற்சியிலே, பல்லாண்டுகள் அவரோடு வாழ்ந்து ஒரு மகனையும் பெற்ற பெண் பிரிக்கப்பட்டு ஆபிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். அவளுக்கும் நூலிற் பெயரில்லை. இனி வேறொருவரை அறிவதில்லை என்று சபதம் செய்து அவள் போனாள் என்பதை எழுதும் அகுஸ்தீனார், அந்த உறுதி தமக்கு இருக்கவில்லை என்பதையும் மறையாது ஒப்புக்கொள்கிறார். துணை நின்றோரும் குறையுள்ள மனிதரே.

384ஆம் ஆண்டு அகுஸ்தீனார் சொற்கலை ஆசிரியராக மிலான் நகருக்கு வந்தார். அம்புரோசியாரின் பிரசங்கங்கள் அவருடைய அறிவிலிருந்த தடைகளை ஒவ்வொன்றாக அகற்றின. ஆயினும் தனித்துப் பேசி மனத்திலிருந்ததைக் கொட்டுதற்கு இடம் வாய்க்கவில்லை. மேற்றிராணியாரைச் சூழ எப்போதும் மக்கள் கூட்டம். கூட்டமில்லாத சிறுபொழுதில் அவர் வாய் திறவாது நூல் படித்துக்கொண்டிருப்பார். அகுஸ்தீனார் வந்து அமர்ந்து, பார்த்திருந்து, குழப்பிவிடக்கூடாதென்று எழுந்து போய்விடுவார். இவ்வாறு பலமுறை நடந்தது. சிம்பிளீசியானுஸ் என்னும் முதிய குருவானவர் அவருக்குச் செவிகொடுத்தார். விக்டோரினுஸ் என்ற பேராசான் உரோமாபுரியில் எல்லோர் முன்னிலையிலும் தம் விசுவாசத்தை அறிக்கையிட்ட வரலாற்றையும் கூறினார். இப்போது அறிவு இசைந்துவிட்டது, மனந்தான் இசையவில்லை. பழைய வாழ்க்கையை விடும் துணிவு வரவில்லை.

அந்நிலையில், 386ஆம் ஆண்டில், ஒருநாள் பொந்திசியானுஸ் என்பவர் அவர் வீட்டுக்கு வந்தார். குருவானவருமல்லர், அறிஞருமல்லர், அரண்மனையில் உயர்ந்த உத்தியோகம் வகித்தவர், அகுஸ்தீனாரைப்போல் ஆபிரிக்க நாட்டவர். ஏதோவொரு காரியமாக வந்தவர், விளையாடுவதற்கென இட்டிருந்த மேசைமேல் ஒரு நூல் கிடப்பதைக் கண்டார். சொற்கலை ஆசிரியரின் பாடநூலாக இருக்கும் என்று எண்ணி எடுத்துத் திறந்தார். அதுவோ, கத்தோலிக்க மக்கள் சின்னப்பர் என்றும் ஏனையோர் பவுல் என்றும் வழங்கிவந்த அப்போஸ்தலரின் நிருபங்கள். அவர் வியப்போடு புன்னகை செய்து, தமது மகிழ்ச்சியைத் தெரிவித்தார்.

பேச்சு வளர்ந்தது. எகிப்து நாட்டின் வனத்து அந்தோனியாரைப்பற்றி அவர் சொன்னார். அகுஸ்தீனாரும் நண்பர் அலீப்பியுஸும் அந்தப் பெயரையே கேட்டதில்லை. அந்தோனியார் காலமானது 356ஆம் ஆண்டு. தாம் பிறந்தபின்னும் இப்படியொருவர் வாழ்ந்திருந்தாரா என்று இவர்கள் வியந்தார்கள். இத்துணைப் புகழ்பெற்றவரை இவர்கள் அறியாதிருந்தார்களே என்று அவர் வியந்தார். மிலான் நகரின் மதிலுக்கு வெளியே அம்புரோசியாரின் ஆதரவில் துறவிகள் மடமொன்று இருப்பதும் அன்றுதான் இவர்களுக்குத் தெரியவந்தது.

பின்பு தம் வாழ்வில் நடந்த ஒன்றைக் கூறினார். திரியர் நகரிலே, அரசர் பந்தய விளையாட்டுப் பார்த்திருந்த ஒரு பிற்பகலில், இவரும் தோழர் மூவரும் நகர மதிலையடுத்த தோட்டங்களில் உலாவச் சென்றனர். இருவர் இருவராகப் பிரிந்தபோது, மற்ற இருவரும் துறவிகள் சிலர் வசித்த ஒரு குடிலுக்குட் சென்று, அங்கே அந்தோனியாரின் சரித்திரம் எழுதிய நூலைக் கண்டனர். ஒருவர் படிக்கப் படிக்க உள்ளம் மாறி, அரச சேவையை அவ்விடத்திலேயே துறந்தார். மற்றவரும் அவரைப் பின்பற்றினார். தேடிவந்த பொந்திசியானுஸும் அவருடைய துணைவரும் செய்தியைக் கேட்டனர், நண்பர்களை வாழ்த்தினர், தங்களுக்காகச் செபிக்கும்படி வேண்டினர், தம் நிலைக்காக அழுதவாறு அரண்மனைக்கே திரும்பிச் சென்றனர்.

இந்த இடம் கூர்ந்து நோக்கத்தக்கது. கதையின் வீரர் பொந்திசியானுஸ் அல்லர். தாம் செய்ய இயலாமற்போன ஒன்றைப் பிறர் செய்த கதையை, தம் கண்ணீரையும் மறையாமற் சொல்கிறார். அம்புரோசியார் போன்ற மேதை சொல்லியிருந்தால், அது மேதைகளுக்கு உரியது என்று அகுஸ்தீனார் ஒதுங்கியிருக்கக்கூடும். இங்கே சொல்பவரோ தம்மையொத்த உத்தியோகத்தர். துறந்தவர்களும் அத்தகைய உத்தியோகத்தரே. தப்பியோட வழியில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கையிலேயே, முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த தம் முகத்தைத் தமக்கு முன்னே யாரோ நிறுத்திவிட்டாற்போல இருந்தது என்று அகுஸ்தீனார் எழுதுகிறார். அறிவுரை ஒரு சொல்லும் கூறாது, வந்த காரியத்தை முடித்துக்கொண்டு விருந்தினர் விடைபெற்றார்.

பின்பு நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. அகுஸ்தீனார் தோட்டத்துக்கு விரைந்து, ஒரு மரத்தடியில் விழுந்து அழுதார். அயல்வீட்டிலிருந்து ஆணோ பெண்ணோ என்று தெரியாத ஒரு பிள்ளையின் குரல், எடுத்து வாசிக்கும்படி திரும்பத் திரும்பப் பாடக் கேட்டார். அதே நிருப நூலைத் திறந்து ஒரு வாக்கியம் படித்தார். அவ்வளவில் ஐயம் நீங்கிற்று. அருகிலிருந்த அலீப்பியுஸ் நூலை வாங்கி, அடுத்து வந்த வாக்கியத்தைத் தமக்கென்றே கொண்டார். இருவரும் உள்ளே சென்று தாயிடம் தெரிவித்தனர். 387ஆம் ஆண்டு உயிர்த்த திருநாளில் அம்புரோசியார் இருவருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். அதே ஆண்டிலே ஒஸ்தியாத் துறைமுகத்தில் மோனிக்கம்மாள் காலமானார்.

பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்து, ஹிப்போ நகர மேற்றிராணியாராக இருந்து அந்நிகழ்ச்சியை எழுத அமர்ந்தபோது, பொந்திசியானுஸ் அன்று தம்மிடம் எதை வேண்டி வந்தார் என்பது அகுஸ்தீனாருக்கு நினைவிலில்லை. மேசைமேல் கிடந்த நூலை அவர் எடுத்துத் திறந்ததும் புன்னகை செய்ததும் நன்றாக நினைவிலிருந்தன.