புது எஞ்சினும் பழைய வண்டியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியம் பேசுவோர் உளர். இசை பேசுவோர் உளர். நாமோ பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தர். ‘உமக்கு நன்கு தெரிந்த ஒன்றைப் பேசும்’ என்று செயலாளர் பணித்தார். நமக்கு நன்கு தெரிந்தது நாம் செய்த தவறு ஒன்றே. ஆகவே அதனையே பேசத் துணிந்தோம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் வேறு எஞ்சினை வைக்கும்போது, அதனைத் தாங்கும் மவுண்டுகளை அமைப்பது எவ்வாறு என்பதே நம் பொருள்.

நம் இளவல் பழைய மும்பை நெடுஞ்சாலையோரம் சிறு பட்டறை நடத்துவதை நீங்கள் அறிவீர்கள். இரண்டாண்டுகளுக்கு முன், புணே நகரத்துப் பெரியவர் ஒருவர் இருவர் அமரும் திறந்த கார் ஒன்றைக் கொணர்ந்து ஒப்படைத்தார். எம்.ஜி.ஏ. என்பது அதன் பெயர்; 1955-இல் இங்கிலாந்தில் வெளிவந்த வகை. அதன் எஞ்சின் பிளாக் விரிசல் கண்டிருந்தது. அம்பாசிடர் எஞ்சின் ஒன்றை வைத்துத் தருமாறு வேண்டினார்.

இவ்வேண்டுகோள் விந்தையானதன்று. எம்.ஜி.ஏ. முதலிற் பெற்றிருந்த 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினும், நம் அம்பாசிடரைப் பல்லாண்டு இழுத்த 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினும், பி.எம்.சி. நிறுவனத்தாரின் ‘பி’ வரிசை என்னும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை. ஒரு பிள்ளை பந்தயத்துக்குப் போயிற்று. மற்றொன்று வாடகைக் காராய் ஊரூராய் உழைத்தது.

வேறு வண்டியின் எஞ்சினைப் பொருத்துதல் பட்டறைக்காரர் மட்டும் செய்வதுமன்று. 1962-இல் கரோல் ஷெல்பி என்னும் அமெரிக்கர், இங்கிலாந்தின் ஏ.சி. காரில் ஃபோர்டு நிறுவனத்தின் எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்துப் புகழ்பெற்ற கோப்ராவை உருவாக்கினார். 1964-இல் வந்த சன்பீம் டைகர் காரிலும் எட்டு சிலிண்டர் எஞ்சின் ஏறியது. இடம் போதாமையால், வண்ணம் பூசிய முன்சுவரைத் தொழிற்சாலையிலேயே சம்மட்டியால் அடித்து ஒதுக்கினர். நம் நாட்டிலும் 1985-இல் வந்த பிரீமியர் 118 என்.இ. கார், ஃபியாட் 124 உடலில் நிசான் எஞ்சின் கொண்டது. பெயரிலுள்ள ‘என்.இ.’ என்பதே நிசான் எஞ்சினைக் குறிப்பது.

இனி மவுண்ட் என்பது யாது? நம் பட்டறைகளில் இதனைப் ‘பவுண்டேஷன்’ என்பர். பெரும்பாலும் எஞ்சினின் இருபுறமும் இரண்டு, கியர் பெட்டியின் வாலில் ஒன்று, ஆக மூன்று இடங்களில் எஞ்சின் அமரும். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு இரும்புத் தகடுகளுக்கிடையே சூட்டில் ஒட்டவைத்த ரப்பர் உண்டு. விலை சிறிது, பணி பெரிது.

எடையைத் தாங்குவது அதன் பணியில் ஒரு பாதியே. எஞ்சின் சக்கரத்தை ஒரு பக்கம் முறுக்கும்போது, அம்முறுக்கு எஞ்சினையே எதிர்ப்பக்கம் திருப்ப முயல்கிறது. முதல் கியரில் இம்முறுக்கு விசை மூன்று நான்கு மடங்காய்ப் பெருகி மவுண்டுகளின் மேல் விழும். இத்தகைய வண்டிகளில் வேகங்கூட்டும்போது இடப்புறம் மேலெழ முனையும்; வலப்புறம் அழுந்தும். இதனோடு நடுக்கமும் உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றில் சும்மா ஓடினும், விநாடிக்கு 25 முறை வெடித்துத் துடிக்கும். அத்துடிப்பை உடலுக்கு விடாது தடுப்பதும் ரப்பரே. 1931-இல் கிரைஸ்லர் நிறுவனத்தார் பிளிமத் காரில், எஞ்சினின் எடைமையத்தின் ஊடே செல்லும் அச்சில் அது அசையுமாறு ரப்பர் மவுண்டுகளை அமைத்தனர். ‘மிதக்கும் சக்தி’ என்று அதனை விளம்பரப்படுத்தினர். பிரான்சு நாட்டுச் சித்ரோயன் நிறுவனத்தாரும் மறு ஆண்டே உரிமம் பெற்று அதனைக் கையாண்டனர்.

இவையெல்லாம் அன்று நாம் அறியோம். அறிந்ததெல்லாம் நம் தமக்கை மகளின் திருமண நாள். ‘மாமா, மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தச் சிவப்புக் கார் வருமா?’ என்று அவள் கேட்டாள். வண்டிக்குரியவரும் பெருமனத்துடன் இசைந்தார். ஒரே குடும்பத்து எஞ்சின் தானாக அமர்ந்துவிடும் என்று எண்ணினோம். அமரவில்லை, தாங்கிகள் அமையும் இடங்கள் வேறாயிருந்தன. ‘அண்ணா, இன்னும் நான்கு நாள் வேண்டும்’ என்றான் இளவல். ‘முகூர்த்தம் நான்கு நாள் காத்திராது, தம்பி’ என்றோம் நாம். ஆகவே எஞ்சினைக் கீழிறக்காமலே, ரப்பர்களையும் கழற்றாமலே, தாங்கிகளை வெல்டிங் செய்தான். கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மேஸ்திரியார், ‘சூடு ரப்பரின் ஒட்டை விட்டுப்போகச் செய்யும், தம்பி’ என்று எச்சரித்தார். அவர் சொல்லும் நம் அவசரத்தில் மறைந்தது.

அழைப்புக்கு முதல் நாள் மாலை, தளேகாவ் நோக்கி ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டான். ஒன்பது வயது மகன் பக்கத்தில் அமர்ந்தான். சோமாட்டணையருகே ஒரு லாரியை முந்த வேகங்கூட்டியபோது இடப்புற மவுண்டின் ரப்பர் தகட்டினின்றும் பிரிந்தது. எஞ்சின் எழுந்து சாய்ந்தது. விசிறி ரேடியேட்டரைக் கிழித்தது. ஆக்சிலரேட்டர் கம்பி இழுபட்டு, காலை எடுத்த பின்னும் வண்டி பாய்ந்தது. இளவல் சாவியைத் திருப்பி அணைத்து, பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது, லாரியின் பின்புறத்துக்கும் வண்டிக்கும் இடைவெளி ஒரு கை நீளமே. சிறுவன் அழவுமில்லை, ‘நின்றுவிட்டதா, அப்பா?’ என்று மட்டும் கேட்டானாம். அதனைக் கேட்ட இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் மாப்பிள்ளை இரயில் நிலையத்திலிருந்து, நாதசுரம் முன்செல்ல, நடந்தே வந்தார். திருமணத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

இத்தகைய விபத்து நமக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதைப் பின்னரே அறிந்தோம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1971 டிசம்பரில், மவுண்ட் அறுந்து எஞ்சின் எழுந்து வேகக்கம்பியை இழுக்கும் குறைக்காக, ஏறத்தாழ 67 இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தனர். எஞ்சின் எழாதபடி ஒரு கம்பிவடத்தைக் கட்டிக் கொடுத்தனர்.

பின்னர் மேஸ்திரியாரே முன்னின்று வேலையை மீண்டும் செய்வித்தார். அம்முறையைக் கேளுங்கள்.

முதலில், கியர் பெட்டியோடு எஞ்சினைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, மரக்கட்டைகளின் மேல் அமர்த்தினார். எண்ணெய்த் தொட்டி கீழ்ச்சட்டத்தில் இடிக்கிறதா, விசிறிக்கு இடமுண்டா, ஸ்டீயரிங் தண்டு விலகி நிற்கிறதா, பானெட் மூடுகிறதா என்று நாள் முழுதும் பார்த்தார். அதன்பின் கியர் பெட்டித் தண்டின் சாய்வையும், பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியல் தண்டின் சாய்வையும் அளந்து, இரண்டும் இணைகோடாய் நிற்குமாறு வாலை உயர்த்தினார். இல்லையேல் டிஃபரன்ஷியல் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் விரைந்தும் தாழ்ந்தும் சுழன்று நடுங்கும்.

எஞ்சினுக்குரிய இடம் உறுதியான பிறகே தாங்கிகளுக்கு அட்டையில் வடிவம் வெட்டினார். இரும்பில் வெட்டி, புள்ளி வெல்டிங் மட்டும் வைத்துப் பொருத்திப் பார்த்து, வெளியே எடுத்து, ரப்பர் இன்றி முழு வெல்டிங் செய்தார். மூலையில் முக்கோணத் தகடு கொடுத்தார். ரப்பர் அறுந்தாலும் எஞ்சின் எழாதபடி மேலே ஒரு பூட்டுத் தகடும் வைத்தார். புகைக்குழாய்ச் சூடு ரப்பரில் படாதவாறு இடையே மறைப்புத் தகடு அமைத்தார். இறுதியாக, எஞ்சினிலிருந்து உடலுக்குத் தடித்த எர்த் கம்பி ஒன்றை இணைத்தார். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. இக்கம்பி இல்லையேல் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் கம்பி வழியே பாய்ந்து அதனை எரித்துவிடக்கூடும்.

இவற்றினும் மேலாக ஒன்று செய்தார். சேசிஸில் ஓரிடமும் வெட்டவில்லை. ஒரு துளையும் புதிதாய் இடவில்லை. பழைய துளைகளிலேயே போல்ட்டால் பிணைத்தார். ‘இன்று வந்தவனுக்காக நேற்று இருந்தவன் இடத்தை அழிக்கலாகாது’ என்றார்.

அதன் பயன் பின்னர் விளங்கிற்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. எஞ்சின் மாற்றத்துக்குப் பதிவு அலுவலரின் ஒப்புதல் வேண்டும். அது பெறாமல் சாலையில் ஓட்டியதும் நம் குற்றமே. மேலும், 2021-இல் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டிக்கு அளிக்கும் ‘விண்டேஜ்’ பதிவு, சேசிஸும் உடலும் எஞ்சினும் மாற்றம் பெறாதவற்றுக்கே உரியது. இதனை அறிந்த பெரியவர், எறியாது வைத்திருந்த பழைய பிளாக்கின் விரிசலைத் தைத்துச் செப்பனிடக் கொடுத்தார். இவ்வாண்டு அதுவே தன் இடத்துக்குத் திரும்பியது; ஒரு துளையும் மாறாதிருந்தமையால் இரண்டே நாளில் அமர்ந்தது.

இளைஞர்களே! எஞ்சின் மாற்ற விரும்பின், முதலில் சட்டத்தைக் கேளுங்கள். பின் அனுபவமுள்ளவரைக் கேளுங்கள். கலியாணத் தேதியைக் கேளாதீர்கள். வேற்றூரில் வந்து அமர்ந்த நமக்கும் மேஸ்திரியார் சொல் பொருந்தும் என்று எண்ணுகிறோம். அதனை விரிப்பது கற்றோர் கடன்.

மேஸ்திரியார் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அன்று கேளாத சொல்லுக்காக அவரிடம் இன்று இவ்வவையில் மன்னிப்பு வேண்டி, நம் உரையை முடிக்கின்றோம்.