செஸ் செட் பரிசளிக்கும்போது

குறிஞ்சிப்பாடியிலோ நெய்வேலி நகரியத்திலோ செஸ் பயிலும் பிள்ளைக்குச் செட் பரிசளிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காய்களின் வடிவம். 1849-இல் லண்டனில் விற்பனைக்கு வந்த ஸ்டான்டன் வடிவமே போட்டிகளுக்கு உரியது; 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடிலும் அதுதான். அலங்காரக் காய்கள் அலமாரிக்கு அழகு, ஆட்டத்துக்குக் குழப்பம். சர்வதேச அளவுப்படி ராஜாவின் உயரம் சுமார் 9.5 சென்டிமீட்டர். போர்டு பொருந்துகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம்: ஒரு கட்டத்துக்குள் நான்கு சிப்பாய்கள் அடங்க வேண்டும். மரக் காய்களுக்கு அமிர்தசரஸ் பேர்பெற்றது. குதிரையின் பிடரியும் காதும் கையால் செதுக்கப்படுகின்றன. விலையை ஏற்றுவதும் தரத்தைக் காட்டுவதும் அந்தக் குதிரைதான். சிறுவர்களுக்கோ எடையேற்றிய பிளாஸ்டிக் காய்களும் சுருட்டி வைக்கும் போர்டுமே நல்லது. கீழே விழுந்தாலும் உடையாது. இரு நிறத்திலும் கூடுதலாக ஒரு ராணி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிப்பாய் எட்டாம் வரிசையைத் தொடும்போது அது தேவைப்படும்.