சட்டம் கற்ற ஆட்டிடையர்: பெனிட்டோ ஹுவாரெஸ்



மெக்சிகோ நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய பெனிட்டோ ஹுவாரெஸ் அவர்களின் வாழ்க்கையை இவ்வெள்ளி விழாவிற் பேச எடுத்துக்கொண்டோம். 1806ஆம் ஆண்டு ஓஹாக்கா மாநிலத்து மலைச் சிற்றூர் ஒன்றில், சபோத்தேக் என்னும் பழங்குடியில் அவர் பிறந்தார். மூன்று வயதிற் பெற்றோரை இழந்தார், ஆடு மேய்த்தார். ஆள்வோர் மொழியாகிய ஸ்பானிய மொழியை அறியார். கல்வி வேட்கையால் 1818இல், பன்னிரண்டாம் வயதில், ஓஹாக்கா நகருக்கு நடந்தே சென்றார். அங்கே அவர் தமக்கை ஒரு செல்வர் இல்லத்திற் சமையல் வேலை செய்துவந்தார். (அவ்வில்லத்தில் வளர்ந்த மார்கரீத்தா அம்மையாரையே பின்னாளில் அவர் மணந்தார்.) புத்தகம் கட்டும் தொழில் செய்த சமயப் பற்றாளர் ஒருவர் அவரைப் படிக்கவைத்தார். குருவாக வேண்டியவர் சட்டம் பயின்று, 1834இல் வழக்கறிஞரானார்.

அவ்வாண்டிலேயே ஒரு சோதனை. லொஹீச்சா ஊர்மக்கள், தம் பாதிரியார் மிகுதியாகக் கட்டணம் வாங்குகிறார் என முறையிட்டனர். அவர்களுக்காக வாதாடிய ஹுவாரெஸ் ஒன்பது நாள் சிறையிலிருந்தார். சலுகை பெற்ற வகுப்பாரின் வலிமையை ஒழிக்க உறுதி பூண்டது அப்போதுதான் என்று தம் மக்களுக்கு எழுதிய குறிப்புகளிற் கூறியுள்ளார்.

ஆயினும் உடனே கிளர்ச்சியில் இறங்கினாரல்லர். 1841இல் நீதிபதியானார், 1847 முதல் 1852 வரை மாநில ஆளுநராக இருந்தபோது திருச்சபையோடு இணங்கியே நடந்தார். இதனைக் கோழைமை என்பாருளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஓர் இனத்திலிருந்து முதன்முதலாக ஒருவர் நாற்காலியில் அமரும்போது, அவர் செய்யும் பிழை அவர் ஒருவருடைய பிழையாக எண்ணப்படுவதில்லை. இதனை இவ்வவையில் விளக்க வேண்டுவதில்லை.

1853இல் சாந்தா அன்னாவின் சர்வாதிகாரம் அவரை நாடுகடத்தியது. நியூ ஆர்லியன்ஸில் சுருட்டுச் சுற்றிப் பிழைத்தார். 1855இல் மீண்டு வந்து நீதியமைச்சரானார். குருமாரும் படையினரும் தத்தம் தனி நீதிமன்றங்களிலேயே வழக்காடும் சலுகை பெற்றிருந்த காலம் அது. அம்மன்றங்களை அவர் ஒழிக்கவில்லை; உரிமையியல் வழக்குகளை மட்டும் அவற்றின் கையிலிருந்து பறித்தார். எச்சரிக்கையுள்ள அச்சிறு சட்டமே பெரும்பகை மூட்டியது. 1858இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது அவரே குடியரசுத் தலைவர். 1859இல், வேராக்ரூஸ் துறைமுகத்திலிருந்து, திருச்சபைச் சொத்துகளை நாட்டுடைமையாக்கினார். பிரெஞ்சுப் படை புகுந்தபோது கரிய கோச்சு வண்டியில் வட எல்லைவரை அரசைக் கொண்டுசென்றார். பிரெஞ்சுக்காரர் அமர்த்திய பேரரசர் மாக்சிமிலியனுக்கு 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1867 ஜூன் 19 அன்று தண்டனை நிறைவேறியது.

புகழுரையோடு நிறுத்துவது நம் கழகத்திற்குப் பொருந்தாது. 1850இல் உப்பளத்திற்காகவும் நிலத்திற்காகவும் கிளர்ந்த ஹுச்சித்தான் ஊரார்மீது படை ஏவிய ஆளுநர் இவரே. அவ்வூராரும் சபோத்தேக் மக்களே. 1856இல் அமைச்சர் லெர்தோ கொணர்ந்த சட்டம், திருச்சபை நிலத்தோடு பழங்குடி ஊர்களின் பொதுநிலத்தையும் தனியார் உடைமையாக்கப் பணித்தது. ஹுவாரெஸ் அதனை ஏற்றார். மீண்டும் ஓஹாக்கா ஆளுநரானபோது நடைமுறைப்படுத்தினார். தனக்கெனச் சொத்துடைய குடிமகன் தலைநிமிர்வான் என்பது அவர் நம்பிக்கை. சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்றார்; ஏலத்தில் நிற்கையில் பண்ணையாரும் ஊரானும் சமமல்லர் என்பதைப் போதிய அளவு எண்ணவில்லை. அவர் 1872இல் மறைந்தபின், போர்ஃபீரியோ தியாஸ் ஆட்சியில், அச்சட்டத்தின் வழியே எண்ணற்ற ஊர்களின் நிலம் பண்ணைகளுக்குப் போயிற்று.

நிலமிழந்த உழவர்களின் தலைவர் சபாட்டா 1911இல் அயாலா திட்டத்தை வெளியிட்டார். தம்மை எதிர்க்கும் பண்ணையார்களின் சொத்தைப் பறிமுதல் செய்ய அவர் முன்மாதிரியாகக் காட்டியது, திருச்சபைச் சொத்தைப்பற்றி ஹுவாரெஸ் நடைமுறைப்படுத்திய சட்டங்களையே.