கேபிளா, பேட்டரியா? ரோடு சைக்கிள் வாங்கும் முன் ஒரு பேச்சு

(நமது கிளப் ஹவுஸில் ஞாயிறு காலை சைக்கிள் குழுவின் சந்திப்பில், பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

விடுமுறை நாளில், அதுவும் டிபன் நேரத்தில், சைக்கிள் கியரைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். பொங்கல் சூடு ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் நான் செய்த ஒரு தவறு. போன மாதம் லிஃப்டில் சி பிளாக் தம்பி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். "அங்கிள், முதல் ரோடு பைக் வாங்கப் போறேன். எலெக்ட்ரானிக் கியரா, சாதா கியரா?" என்று கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "எலெக்ட்ரானிக் வாங்கிடுப்பா, அப்புறம் கேபிள் கியரைத் தொடவே மாட்டே" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவருடைய அப்பா பூங்காவில் என்னைப் பார்த்தார். "சார், நீங்க சொன்னீங்கன்னு பையன் ஒத்தக்கால்ல நிக்கறான். ஐம்பதாயிரத்துக்கு மேல கூட ஆகுதாம். இஎம்ஐ போடலாமான்னு யோசிக்கறேன். அவனுக்கு அது அவ்வளவு தேவையா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எனக்கு எது சரியோ அதை அந்தப் பையனுக்கும் சொல்லிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

முதலில், இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துவிடலாம்.

சாதா கியர், அதாவது மெக்கானிக்கல். ஹேண்டில்பாரில் இருக்கும் லீவரைத் தள்ளினால், உள்ளே ஒரு மெல்லிய எஃகுக் கேபிள் இழுபடும். அந்தக் கேபிள், பின்சக்கரத்தருகே தொங்கும் டீரெய்லரை இழுக்கும். டீரெய்லர் என்பது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளிவிடும் கை. கேபிளை விட்டால் ஒரு ஸ்பிரிங் அதைத் திரும்பக் கொண்டுவரும். ஒரு 'க்ளிக்' சத்தத்துக்கு ஒரு கியர் என்ற இன்டெக்ஸ் முறையை ஷிமானோ 1984இல் கொண்டுவந்தது. பிரேக் லீவருக்குள்ளேயே கியரையும் வைத்தது 1990இல். இன்றைக்கும் அடிப்படை அதேதான்.

எலெக்ட்ரானிக் கியரில் கேபிள் இழுக்கிற வேலை இல்லை. ஹேண்டில்பாரில் பட்டனை அழுத்தினால், டீரெய்லருக்குள் இருக்கும் சின்ன மோட்டார் அதைச் சரியான இடத்துக்கு நகர்த்துகிறது. செயின் எந்தப் பல்லில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியும். ஷிமானோவின் டிஐ2 முதலில் 2009இல் விலை உயர்ந்த பந்தய சைக்கிள்களுக்கு வந்தது. முழுக்க வயர்லெஸ் ஆன முறையை ஸ்ராம் 2015இல் கொண்டுவந்தது. நம்மைப் போன்றவர்கள் வாங்கும் 105 வரிசைக்கு எலெக்ட்ரானிக் வந்தது 2022இல்தான். அதற்கு மேலே உள்ள அல்டெக்ரா, டியூரா ஏஸ் இரண்டிலும் 12 கியர் தலைமுறை எலெக்ட்ரானிக்காக மட்டுமே வருகிறது. ஆனால் 105க்கு, 2023இல் 12 கியர் மெக்கானிக்கலையும் தனியாக வெளியிட்டார்கள். கேபிள் கியர் செத்துப்போய்விட்டது என்று கடையில் யாராவது சொன்னால், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் கதை. நான் பத்து வருடமாகக் கேபிள் கியரில்தான் ஓட்டினேன். அப்புறம் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, மூட்டு வலி போகவில்லை. விரல் மூட்டுகள் காலையில் மரக்கட்டை மாதிரி இருக்கும். இடது கை லீவர்தான் முன்பக்கத்துச் சின்னப் பல்சக்கரத்திலிருந்து பெரியதற்குச் செயினை ஏற்றுவது. அதை நீளமாக, அழுத்தித் தள்ள வேண்டும். என்னால் முடியவில்லை. கையை எடுத்து உள்ளங்கையால் தள்ளினேன். ஒருநாள் ஈசிஆரில் அப்படித் தள்ளும்போது சைக்கிள் தடுமாறி, பக்கத்தில் வந்த பஸ் ஹாரன் அடித்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சைக்கிளை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

நம் குழுவில் ஒரு நண்பர்தான் தன் எலெக்ட்ரானிக் சைக்கிளைக் கொடுத்து, "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, அப்புறம் விக்கறதப் பத்திப் பேசலாம்" என்றார். நம் காம்பவுண்டுக்குள்ளேயே மூன்று சுற்று ஓட்டினேன். மௌஸ் பட்டனை அழுத்துவது போல அழுத்தினால் போதும். மறு மாதமே மாற்றிவிட்டேன். எனக்கு அது ஆடம்பரம் இல்லை. அது இல்லையென்றால் நான் இன்று சைக்கிளில் இல்லை.

ஆனால் கோளாறு இரண்டிலும் உண்டு. நான் இரண்டிலும் மாட்டிக்கொண்டவன்.

கேபிளில் மாட்டியது மாமல்லபுரம் போய்த் திரும்பும்போது. வடநெம்மேலி அருகே, வலது லீவருக்குள்ளேயே கேபிள் அறுந்துவிட்டது. பின்பக்கக் கேபிள் அறுந்தால் ஸ்பிரிங் இழுத்து, செயின் மிகச் சிறிய பல்சக்கரத்தில், அதாவது மிகக் கடினமான கியரில் போய் நின்றுவிடும். எதிரே கடல்காற்று. வீடு இன்னும் 30 கி.மீ. போல. கூட வந்தவர் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். டீரெய்லரில் எல்லையை நிர்ணயிக்கும் சின்ன ஸ்க்ரூ இருக்கிறது. அதை உள்ளே திருகினால், செயினை ஒன்றிரண்டு பல்சக்கரம் மேலே நிறுத்தி வைக்கலாம். முன்னால் சின்னப் பல்சக்கரத்தைப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் கடையில் புதுக் கேபிள், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. தப்பு என்னுடையது. கியர் மாறும்போது தயங்க ஆரம்பித்தால், லீவருக்குள் கேபிள் இழை பிரிகிறது என்று அர்த்தம். ஒரு மாதமாகத் தயங்கியது, நான்தான் கவனிக்கவில்லை. கடலோரத்தில் உப்புக் காற்றில் ஓட்டுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கேபிளை மாற்றிவிடுங்கள்.

எலெக்ட்ரானிக்கில் மாட்டியது முட்டுக்காடு பாலத்துக்குப் பக்கத்தில். சார்ஜ் போட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்றே ஞாபகம் இல்லை. என்னுடையது டிஐ2. பேட்டரி இறங்கும்போது முதலில் முன் டீரெய்லர் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் பின்னதும் நிற்கும். கடைசியாக எந்தக் கியரில் இருந்ததோ அதிலேயே ஓட்ட வேண்டியதுதான். முன்பக்கம் நின்றவுடனே புரிந்துகொண்டு, பின்னால் நடுவில் உள்ள கியரில் வைத்துக்கொண்டேன், பிழைத்தேன். அந்த முதல் எச்சரிக்கையை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு சார்ஜில் சுமார் 1000 கி.மீ. ஓடும் என்பது கம்பெனிக் கணக்கு. நான் மாதம் முதல் ஞாயிறு மெயின்டனன்ஸ் பணம் கட்டும்போதே சைக்கிளுக்கும் சார்ஜ் போடுகிறேன். லீவருக்குள் பட்டன் செல்லும் உண்டு, அதையும் ஒன்று வீட்டில் வைத்திருங்கள்.

அடுத்தது நம் அபார்ட்மென்டுக்கே உரிய விஷயம். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். ஷிமானோவின் 12 கியர் டிஐ2வில் பேட்டரி சீட் போஸ்டுக்குள் இருக்கிறது. சார்ஜ் துவாரம் பின் டீரெய்லரில். அதற்கென்றே தனிக் கேபிள், ஃபோன் கேபிள் பொருந்தாது. அதாவது சைக்கிளைத்தான் பிளக்குக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்ராம் முறையில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போய் சார்ஜ் செய்யலாம். சைக்கிளை பேஸ்மென்டில் வைப்பவர்களுக்கு அது வசதி. முன்னும் பின்னும் ஒரே மாதிரி பேட்டரி என்பதால், பின்னது இறங்கினால் முன்னதைக் கழற்றி மாட்டியும் வீடு வந்து சேரலாம். ஆனால் காரில் ஏற்றி ஏலகிரிக்கோ கொல்லிமலைக்கோ கொண்டுபோகும்போது கழற்றி வையுங்கள். குலுங்கலில் அது விழித்துக்கொண்டே இருந்து சார்ஜைத் தின்றுவிடும்.

கமிட்டியில் ஒருவர், "இதுவும் லித்தியம்தானே, சார்ஜ் போட்டால் ஆபத்தில்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. டிஐ2 பேட்டரி 7.4 வோல்ட், 500 மில்லி ஆம்பியர்-மணி. நம் கையில் இருக்கும் ஃபோன் பேட்டரியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்திதான். மின்சார ஸ்கூட்டர் பேட்டரியோடு இதை ஒப்பிட முடியாது. ஆனாலும் இரவெல்லாம் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். இரண்டு மணி நேரம் போதும்.

மழையைப் பற்றிக் கேட்பீர்கள். மழையில் இரண்டுமே ஓடும். கார் கழுவும் பிரஷர் பைப்பை மட்டும் எலெக்ட்ரானிக்கில் காட்டாதீர்கள். வெள்ளத்தில் மூழ்கவிடக் கூடாது என்பது இரண்டுக்குமே பொருந்தும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். மழை அறிவிப்பு வந்தால் எந்த சைக்கிளாக இருந்தாலும் மேலே ஏற்றிவிடுங்கள்.

இன்னொன்று, கீழே விழுந்தால் ஆகும் செலவு. சைக்கிள் வலது பக்கம் சாய்ந்தால் முதலில் அடிபடுவது பின் டீரெய்லர். அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்தால் இரண்டு முறையிலும் கியர் சரியாக விழாது, அது சின்னச் செலவு. டீரெய்லரே உடைந்தால், மெக்கானிக்கலை விட எலெக்ட்ரானிக்குக்குப் பல மடங்கு விலை. மோட்டார் போய்விட்டால் பெரும்பாலும் ரிப்பேர் இல்லை, முழுதாக மாற்ற வேண்டியதுதான். வெளியூரில் கேபிள் கிடைக்கும். டிஐ2 டீரெய்லர் கிடைப்பது கஷ்டம்.

அப்படியானால் யார் எதை வாங்கலாம்?

கை விரல், மணிக்கட்டு வலி உள்ளவர்கள், சிறிய கை உள்ளவர்கள், 200 கி.மீ. பிரெவே போன்ற நீண்ட பயணத்தை 13.5 மணி நேரத்துக்குள் முடிக்கப் போகிறவர்கள், இவர்களுக்கு எலெக்ட்ரானிக் உண்மையாகவே உதவும். நூற்றுக்கணக்கான முறை கியர் மாற்றிய பிறகு, பத்தாவது மணி நேரத்தில் அந்த வித்தியாசம் கையில் தெரியும். இன்னொரு கூட்டமும் உண்டு. புதிய சைக்கிள்கள் சிலவற்றில் கேபிள் எல்லாம் ஹேண்டில்பாருக்குள், ஹெட்செட்டுக்குள் ஓடுகிறது. அதில் கியர் கேபிள் மாற்ற அரை நாள் வேலை. அப்படிப்பட்ட ஃபிரேம் வாங்கினால், எலெக்ட்ரானிக்கில் தலைவலி குறைவு.

முதல் ரோடு சைக்கிள் வாங்குகிறவர்கள், தானே பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள், கடன் வாங்கித்தான் அந்த வித்தியாசத்தைக் கட்ட முடியும் என்பவர்கள், தயங்காமல் மெக்கானிக்கல் வாங்குங்கள். நன்றாக ட்யூன் செய்த 105 கேபிள் கியருக்கும் எலெக்ட்ரானிக்குக்கும் வேகத்தில் நமக்குத் தெரியும்படி எந்த வித்தியாசமும் இல்லை. வேகம் காலில்தான் இருக்கிறது. மிச்சமாகும் பணத்தில் நல்ல ஹெல்மெட், முன்னும் பின்னும் லைட், நல்ல டயர், உங்கள் உடம்புக்கு ஏற்ற ஃபிட்டிங் எல்லாம் வாங்கலாம். காலை 5 மணிக்கு இருட்டில் ஓஎம்ஆரில் இறங்குகிற பையனுக்கு உயிரைக் காப்பாற்றுவது பின்னால் எரியும் சிவப்பு லைட், கியர் இல்லை.

இதைத்தான் அந்தத் தம்பியின் அப்பாவிடம் மறுபடி போய்ச் சொன்னேன். தம்பிக்கு என் மேல் இரண்டு வாரம் கோபம். லிஃப்டில் ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கேபிள் 105 வாங்கினார். போன ஞாயிறு எங்களோடு கோவளம் வரை வந்தார். திரும்பும்போது அவருடைய கியர் கொஞ்சம் சத்தம் போட்டது. கேபிள் முனையில் இருக்கும் அட்ஜஸ்டரை எந்தப் பக்கம் கால் சுற்று திருப்ப வேண்டும் என்று காட்டினேன். அவரே திருப்பினார், சத்தம் நின்றது. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நேற்று என் கதவைத் தட்டி, "அங்கிள், உங்க பேட்டரி சார்ஜ் ஆயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எங்களிடம் வாருங்கள். இரண்டு வகை சைக்கிளும் நம் குழுவில் இருக்கிறது. ஆளுக்கு மூன்று சுற்று ஓட்டிப் பாருங்கள். ஞாயிறு காலை 5.15க்கு மெயின் கேட் செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் நிற்போம். ஹெல்மெட்டும் லைட்டும் இல்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு போக மாட்டோம், அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வாருங்கள், பொங்கல் காத்திருக்கிறது.