மில்லை விற்று அட்டை வாங்கலாமா?

நடுவர் அவர்களே! ராஜபாளையத்திலே நூல் மில்லும், பிளவக்கல் அணைக்குக் கீழே தென்னந்தோப்பும் வச்சிருக்கிற நண்பர் கேட்டார்: "ரெண்டையும் வித்துட்டு மகனை அமெரிக்காவிலே குடியேத்திடலாமா ஐயா?"

எதிரணி அம்மா சொன்னாங்க, "பணத்தைப் போட்டா குடும்பமே போகலாம்"னு. உண்மைதான், 1990-லேயே வந்த சட்டம். 2022-லே குறைந்தபட்சத் தொகை 8 லட்சம் டாலர் ஆச்சு. பத்துப் பேருக்கு வேலை உண்டாகணும். முதல்லே கிடைக்கிறது 2 வருஷ அட்டை. போட்ட பணம் திரும்பி வரும்னு உத்தரவாதம் கொடுக்கக் கூடாது. அதுவும் அவங்க விதிதான்! (சிரிப்பு)

பையன் படிச்சுப் போகட்டும், வாழ்த்தி வழியனுப்புவோம். தோத்துத் திரும்பினா உட்கார ஒரு தோப்பு நிழல் இருக்கும். மில்லை வித்துட்டுப் போனா? அங்கே பத்துப் பேருக்கு வேலை கொடுக்க, இங்கே நம்மளை நம்பியிருக்கிறவங்களை வீட்டுக்கு அனுப்புறதா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. (கைதட்டல்)