எண்ணெய்த் தொட்டி மூடி
(காப்பாரில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளம், வீடு, மருத்துவம் என்று பேச எத்தனையோ இருக்க, எண்ணெய்த் தொட்டியின் மூடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுக் கேளுங்கள். பொருள் சிறிது, அதனால் வரும் வினை பெரிது.

1941-ம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலை நிறுத்தத்தை நாம் மறக்கலாகாது. துரையைக் கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பது அன்று வைத்த கோரிக்கைகளில் ஒன்று. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்களும் போயின. இன்று எவரைக் கண்டும் இறங்காமல் வண்டியில் போகிறோம். ஆனால் அடைத்துப்போன ஒரு மூடி நம்மை இறக்கிவிடும். அதுவும் லோரிகள் பறக்கும் காப்பார் சாலையின் நடுவில்!

அது எப்படி? டின் பாலைத் திறக்கும்போது ஒரே துளை போட்டால் பால் ஒழுங்காக இறங்குகிறதா? எதிர்ப்பக்கத்தில் இன்னொரு துளை போடுகிறோம். காற்று உள்ளே போகிறது, பால் வெளியே வருகிறது. எண்ணெய்த் தொட்டியும் அப்படித்தான். எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். பல மோட்டார் சைக்கிள்களிலும் புல்வெட்டும் இயந்திரங்களிலும் அந்தக் காற்று மூடியிலுள்ள சிறு வழியாக வருகிறது. தூசியும் சேறும் அதை அடைத்துவிட்டால் எண்ணெய் இறங்காது. எஞ்சின் இருமி நின்றுவிடும்.

அப்படி நின்றால் வண்டியைச் சாலை ஓரமாகத் தள்ளிச் செல்லுங்கள். எஞ்சின் ஆறியபின் மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, பிறகு வண்டி ஓடினால், பெரும்பாலும் குற்றம் மூடியில்தான். மென்மையான தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். ஊசியால் குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் நுண்ணிய வால்வு கெட்டுவிடும்.

இரண்டாவது கேடு, மூடி சரியாக இறுகாமை. மழை நீர் உள்ளே இறங்கும். பெட்ரோலை விட நீர் கனமானது; அடியில் தங்கித் தொட்டியைத் துருவேற்றும். பெட்ரோல் ஆவியோ வெளியே கசியும். அது காற்றை விடக் கனமானதால் தரையோடு தரையாகப் பரவும். நம் வெயிலில் அது பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். முதுகில் புல்வெட்டும் இயந்திரத்தைச் சுமக்கும் தோழர் நினைத்துப் பார்க்கவேண்டும்: கசிகிற மூடியும், சூடான புகைக்குழாயும், அவர் முதுகும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன.

மூடி தொலைந்தால் கந்தல் துணியைச் சுருட்டிச் செருகுகிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. தோழர்களே, எண்ணெயில் ஒரு முனையும் வெளியே ஒரு முனையுமாக இருக்கிற துணிக்கு நம் வீட்டில் என்ன பெயர்? விளக்குத் திரி! அந்தத் திரியின் மேல் உட்கார்ந்துதான் வேலைக்குப் போகிறோம்.

இன்னொரு சங்கதி. மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் கெட்டுப்போனால், பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போடுகிறார்கள். நாம் பால் சீவி எடுத்த ரப்பரின் பெருமையை நான் குறைக்கவில்லை. விமானத்தின் சக்கரத்துக்கும் அதுதான் வேண்டும். ஆனால் பெட்ரோல் பட்டால் அது ஊறி, உப்பி, வலுவிழந்து போகும். இந்த வேலைக்கு ஏற்ற நைட்ரில் என்ற செயற்கை ரப்பரை 1930-களில் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். ஆகவே டியூப் வளையம் வேண்டாம். வளையம் வெடித்தோ, உப்பியோ, தட்டையாகியோ இருந்தால் உரிய வளையத்தை அல்லது புது மூடியைப் போடுங்கள்.

புது மூடி வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். வண்டியின் வகையும் ஆண்டும் சொல்லிக் கேளுங்கள். மரை பொருந்தினால் மட்டும் போதாது. காற்று வழி உள்ள மூடியும் இல்லாத மூடியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். காரில் மூடியை ‘டிக்’ என்ற சத்தம் கேட்கும்வரை திருகுங்கள். புதிய கார்களில் மூடி தளர்ந்தாலே எஞ்சின் விளக்கு எரியக்கூடும். இறுக்கிச் சில நாள் ஓட்டியும் அணையாவிட்டால் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

இனிச் சங்கத்துக்குரிய பேச்சு. நம் சொந்த வண்டிக்கு நாமே பொறுப்பு. தோட்டத்து லோரிக்கும், டிராக்டருக்கும், புல்வெட்டும் இயந்திரத்துக்கும் யார் பொறுப்பு? 1994-ம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. அச்சட்டப்படி செய்யவேண்டிய ஏற்பாட்டுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது. நாற்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்கவேண்டும். 2024 ஜூன் முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி, முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகி நிற்கவும் நமக்கு உரிமை உண்டு.

மூடியில்லாத இயந்திரத்தைக் கொடுத்தால், “பரவாயில்லை, துணி இருக்கிறது” என்று சொல்லாதீர்கள். எழுதிக் கொடுங்கள், தேதி போட்டுக் கொடுங்கள், நகல் ஒன்றைச் சங்கக் கிளையிலும் சேருங்கள். நம் சகிப்பு அவர்களுக்கு மிச்சம், நமக்கோ ஆபத்து.

காப்பாரில் ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற நிலத்தில் வீடுகளும் தொழிற்சாலைகளும் வந்தன. வேலை எதுவானாலும், காலையில் போனவர் மாலையில் முழு உடலோடு வீடு திரும்பவேண்டும். நாளை விடியற்காலை பெரட்டுக்குப் போகுமுன், ஒரு நிமிடம் குனிந்து அந்த மூடியைப் பாருங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.