நுளம்பு எதைப் பழகிக்கொண்டது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



கூர்ப்பைப் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டபோது, டார்வினின் தாடியிலே தொடங்கிக் குரங்கின் வாலிலே முடிப்பேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நான் நுளம்பிலே தொடங்குகிறேன்.

என் அம்மம்மா வன்னியிலே வாழ்க்கைப்பட்டவர். வீடு வீடாகச் சுவர்களுக்கு டீ.டீ.ரீ. அடித்த காலத்தைப் பற்றி அடிக்கடி சொல்வார். "முதலிலே ஒரு நுளம்பும் கிட்ட வராது. போகப் போக நுளம்புக்கு மருந்து பழகிப்போச்சு, மோனை" என்று முடிப்பார். வெகுகாலம் நானும் அப்படியே நம்பியிருந்தேன். கூர்ப்பைப் பற்றி நாம் கொண்டிருக்கும் தவறான எண்ணங்களிற் பாதி, அந்தப் "பழகிப்போச்சு" என்ற ஒரு சொல்லுக்குள்ளே ஒளிந்திருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1934-35 ஆம் ஆண்டுகளில் மலேரியா இந்த இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1946 இல் டீ.டீ.ரீ. தெளிப்பு நாடளாவி நடைபெறத் தொடங்கியது. 1963 ஆம் ஆண்டிலே நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே! வெற்றி வந்துவிட்டது என்று தெளிப்பை நிறுத்தினார்கள். 1968, 1969 ஆம் ஆண்டுகளில் நோயாளர் தொகை இலட்சக்கணக்கில் ஏறியது. இதை நுளம்பின் எதிர்ப்புச் சக்தியால் வந்தது என்று சொல்வோர் உண்டு, அது சரியன்று. தெளிப்பையும் கண்காணிப்பையும் கைவிட்டதுதான் முதற் காரணம். மீண்டும் டீ.டீ.ரீ.யை எடுத்தபோதுதான், அதனால் இறவாத நுளம்புகள் இருப்பது 1969 இல் தெரியவந்தது. பின்பு மலத்தியோனை நாட வேண்டியதாயிற்று.

அந்த இறவாத நுளம்புகள் எங்கிருந்து வந்தன? அம்மம்மாவின் விளக்கப்படி, ஒரு நுளம்பு மருந்திலே மெல்ல மெல்லத் தேறி, உடம்பைத் திடப்படுத்திக்கொண்டு, அந்தத் திடத்தைப் பிள்ளைகளுக்கும் கொடுத்தது. பிரான்சிய அறிஞர் லாமார்க்கு ஏறக்குறைய இவ்வாறுதான் நினைத்தார். ஆகவே அம்மம்மா தனியாக இல்லை. ஆனால் சாதாரண நுளம்பு மருந்துபட்ட சுவரிலே இருந்தால் பழகுவதில்லை, செத்துப்போகிறது. செத்த நுளம்புக்குப் பிள்ளையில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 நுளம்புகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கூட்டத்திலும் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையாக இருப்பதில்லை. அவற்றுள் 10 நுளம்புகளின் உடலிலே டீ.டீ.ரீ.யைச் சிதைக்கும் நொதியம் சற்று மிகுதி. மருந்து வருமுன்னே அவை அப்படித்தான் பிறந்தன; அதனால் அவற்றுக்கு ஒரு பயனும் இல்லை. இப்போது மருந்து அடிக்கிறோம். சாதாரணமானவற்றில் நூற்றுக்கு 99 மடிகின்றன. 100 அளவில் தப்புகின்றன. அந்தப் பத்தும் தப்புகின்றன. ஆயிரத்தில் ஒன்றாக இருந்தது இப்போது பதினொன்றில் ஒன்று! இவை பெருகி மறுபடி 10,000 ஆகட்டும்; பிள்ளைகள் பெற்றோரைப் போலவே இருக்கட்டும். இன்னொரு முறை மருந்து அடியுங்கள். பதினொன்றிலே பத்து, மருந்தைத் தாங்குபவை. இயற்கையில் இவ்வளவு விரைவாகவும் நேராகவும் நடப்பதில்லை. என்றாலும் வழி இதுதான். எந்த ஒரு நுளம்பும் மாறவில்லை, கூட்டத்தின் கலவைதான் மாறியது. 1858 இல் டார்வினும் வாலசும் உலகுக்குச் சொன்ன இயற்கைத் தேர்வு இதுவே. வேற்றுமை வேண்டும், அது பிள்ளைக்கு இறங்க வேண்டும், அதனால் ஒருவருக்கு மற்றவரைவிட அதிகம் பிள்ளைகள் எஞ்ச வேண்டும். வேறு மந்திரம் ஒன்றுமில்லை.

"அந்தப் பத்து முன்னமே இருந்தன என்று நீர் எப்படிக் கண்டீர்?" என்று ஒரு தம்பி கேட்கக்கூடும். நல்ல கேள்வி. யோசுவா லெடர்பேர்க்கும் அவர் மனைவி எஸ்தரும் 1952 இல் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். ஒரு தட்டிலே பற்றீரியாக் கூட்டங்களை வளர்த்து, வெல்வெட்டுத் துணியை அதன்மேல் ஒற்றி, அதே துணியை மருந்து கலந்த வேறு தட்டுகளில் முத்திரைபோலப் பதித்தார்கள். மருந்துத் தட்டுகளிலே அங்கொன்று இங்கொன்றாகச் சிலவே முளைத்தன. ஆனால் ஒவ்வொரு தட்டிலும் அதே இடங்களில் முளைத்தன. பின்பு மருந்தையே காணாத முதல் தட்டில் அந்தந்த இடத்திலிருந்த உறவினங்களை எடுத்துச் சோதித்தால், அவையும் மருந்தைத் தாங்கின. தேவை வந்த பிறகு விகாரம் உண்டாகவில்லை. விகாரம் கண்ணை மூடிக்கொண்டு வருகிறது, தேர்வு அப்படியன்று. "எல்லாம் தற்செயல்" என்று கூர்ப்பைப் பழிப்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

"வல்லவன் வாழ்வான்" என்ற பேச்சும் அப்படியே. அதற்கு மூலமான ஆங்கிலத் தொடர் டார்வினுடையதே அன்று. எர்பேட் ஸ்பென்சர் ஆக்கியது. டார்வின் 1869 இல்தான் தம் நூலிலே சேர்த்துக்கொண்டார். வல்லமை என்றால் என்ன? கலாபகசுத் தீவுகளில் டப்னி மேஜர் என்னும் சிறு தீவு உண்டு. பீற்றர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் அங்கே குருவிகளைப் பிடித்து அலகை அளந்து வந்தார்கள். 1977 இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்தன. நம் நெருஞ்சிலின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் கடிய முட்காய்கள்தான் எஞ்சின. அவற்றை உடைக்கப் பெரிய அலகு வேண்டும். குருவிகளிற் பெரும்பாலானவை மாண்டன. தப்பியவற்றின் அலகு சராசரியாக அரை மில்லிமீற்றர் அளவு தடித்தது. சரி, பெரிய அலகுதான் முன்னேற்றமோ? 1983 இல் மழை கொட்டிச் சிறு விதைகள் குவிந்தன. அதன் பின் சிற்றலகுக் குருவிகளின் கை ஓங்கிற்று. ஏணி ஒன்றும் இல்லை, ஏறுவதும் இல்லை. மனிதன் குரங்கிலிருந்து வந்தானா என்பதற்கும் இதே பதில்தான்: இன்றைய சிம்பன்சி நமக்குப் பாட்டனார் அல்ல, பெரியப்பா பிள்ளை. பாட்டனார் இருவருக்கும் பொது. அவர் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னே மறைந்துபோனார்.

இனி, நம் வீட்டு அலுமாரிக்கு வருவோம். தடிமனுக்கும் இருமலுக்கும் யாரோ வாங்கி மிச்சம் வைத்த நுண்ணுயிர்கொல்லி மாத்திரைகள் அங்கே இருக்கும். குணமாகாவிட்டால், "உடம்புக்கு மருந்து பழகிவிட்டது" என்கிறோம். மறுபடியும் அதே சொல்! பழகியது உடம்பானால் கேடு அந்த ஓர் உடம்போடு போகும். மாறியது பற்றீரியாக் கூட்டம். அது என்னிடமிருந்து உங்கள் குழந்தைக்குத் தாவும். அந்தக் குழந்தை அந்த மருந்தை ஒருநாளும் தொட்டிராது. ஆயினும் மருந்து அதற்குப் பலிக்காது. பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், 1945 இல் நோபெல் பரிசு உரையிலேயே இதை எச்சரித்தார். சாதாரணத் தடிமன் வைரசினால் வருவது. அதற்கு இந்த மாத்திரைகள் செய்வது ஒன்றுமில்லை, வயிற்றிலிருக்கும் பற்றீரியாக்களுக்குத் தேர்வு வைப்பதைத் தவிர.

மலேரியாவுக்குத் திரும்புகிறேன். 2012 இற்குப் பின் உள்நாட்டிலே தொற்றிய மலேரியா இல்லை என்றாகி, 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. அம்மம்மா அதைக் காணவில்லை. ஆனால் அதே ஆண்டின் இறுதியிலே மன்னாரில், இந்தியாவின் நகரங்களிலே மலேரியா பரப்பும் அனோபிலிசு ஸ்டெபென்சி என்னும் நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் அகப்பட்டது. கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் வளரக்கூடிய நுளம்பு அது. இப்படி ஒன்று வந்தால் ஆய்வாளர் செய்யும் சோதனை மிக எளியது. மருந்து தோய்த்த கடதாசி சுற்றிய குழாயில் நுளம்புகளை ஒரு மணி நேரம் விட்டு, எடுத்து வேறு குழாயில் வைத்து, மறுநாள் வந்து எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுகிறார்கள்.